தெருவைக் கடந்த நூலகம்

ஒரு நூலகம், அலமாரி வரிசை கலையாமல், ஒரு பக்கத்தின் காதுகூட மடங்காமல், தன் சொந்தக் காலில் எழுந்து தெருவைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். பார்த்தது மட்டுமா? அது கடந்துகொண்டிருந்த நேரத்தில் அந்த நூலகத்தின் ஒரு பகுதியாக நடுத்தெருவில் நின்றும் இருக்கிறேன். இரண்டு பக்கமும் பஸ்கள் நின்றன. ஒரு நாய் நின்றது. வானத்தில் மேகம் ஒன்றும் நின்றதாகத்தான் ஞாபகம். மேகத்தைப் பற்றி யாராவது அழுத்திக் கேட்டால் விட்டுக்கொடுத்துவிடுவேன். மற்றதில் ஓர் எழுத்துகூடக் குறைக்க மாட்டேன்.

எனக்குத் தொழில் வீடு மாற்றிக் கொடுப்பது. ஓய்வு பெறும் வரை இந்த ஊரில் பாதிப் பேருடைய கட்டிலை நான்தான் தூக்கியிருக்கிறேன். மீதிப் பேர் தரையில் படுப்பவர்கள். ஒரு பியானோவைப் படிக்கட்டு வழியாக ஏழாவது மாடிக்கு ஏற்றியிருக்கிறோம்; அதை வாசித்துக்கொண்டே கூட வந்த அம்மாளுக்கு ஓரிடத்திலும் தாளம் தப்பவில்லை.

"போன தடவை அஞ்சாவது மாடின்னீங்க" என்பாள் என் மனைவி.

வருஷம் ஏற ஏற மாடியும் ஏறத்தானே செய்யும்?

அப்படிப்பட்ட எனக்குத் தூக்குகிற விஷயத்தில் தெரியாதது ஒன்று உலகத்தில் இருக்கும் என்று தோன்றியதே இல்லை. இருந்தது. அதைக் கற்றுக்கொடுத்த பெரியவர்களுக்கு அப்போது முன்பல் விழுந்து இன்னும் முளைத்திருக்கவில்லை.

என் மகள் வேலையிலிருந்து வர நேரமாகும் என்பதால், பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்துவருவது என் பொறுப்பு. பேத்தியை எல்லோரும் பட்டாணி என்றுதான் கூப்பிடுவோம். உருவம் அந்த அளவு, உருளுகிற வேகமும் அதே. அவளுடைய தொடக்கப் பள்ளியில் கடைசி வகுப்பு நூலகத்தில் நடக்கும். சீக்கிரம் வந்துவிட்ட பெரியவர்கள் பின்னால் உட்காரலாம். அங்கே இருக்கும் நாற்காலிகள் முயலுக்காகச் செய்தவை. உட்காருவது சுலபம். எழுந்திருப்பதற்கு ஒரு வகுப்பே வந்து கைகொடுக்க வேண்டும்.

முதல் நாள், சும்மா இருப்பானேன் என்று அலமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை இழுத்தேன். அறை முழுக்க 'ஹா' என்று ஒரு மூச்சு. சமையல்காரர் குழம்புக்குள் குளித்ததைப் பார்த்தவர்கள் போலப் பிள்ளைகள் என்னைப் பார்த்தார்கள்.

"தாத்தா! தலையைப் பிடிச்சு இழுக்கக் கூடாது!" என்றாள் பட்டாணி.

"யார் தலையை?"

"புத்தகத்தோட தலையை. உங்க தலைய பிடிச்சு இழுத்தா உங்களுக்கு வலிக்காதா?"

"இழுக்கறதுக்கு அங்க என்ன இருக்கு கண்ணு?"

அவள் சிரிக்கவில்லை. பாடம் நடக்கிறபோது சிரிக்க மாட்டாள். பக்கத்துப் புத்தகங்கள் இரண்டையும் விரலால் லேசாக உள்ளே தள்ளினாள். நடுவில் இருந்தது தன் இடுப்பைக் காட்டியது. இடுப்பைப் பிடித்து எடுத்தாள். வெளியே வந்த இடத்தில் தட்டையான ஒரு மரக்குச்சியைச் செருகினாள்.

"இது எதுக்கு?"

"புத்தகம் பிடிக்கலைன்னா அதே இடத்துல வைக்கணும்ல? அதுவரைக்கும் குச்சி இடத்தைப் பிடிச்சு வச்சிருக்கும்."

ஒவ்வொரு பிள்ளைக்கும் சொந்தக் குச்சி ஒன்று, அதில் சொந்தப் படம் ஒன்று. மீன், ராக்கெட், மூக்கு ஒழுகும் பூனை. நூலக டீச்சர் எனக்கும் ஒன்று கொடுத்தார். பட்டாணி அதில் கால் முளைத்த முட்டை ஒன்றை வரைந்துகொடுத்தாள். அது யார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு நான் ஒரு நாளும் தாமதமாகப் போனதில்லை. கதைப் புத்தகங்கள் எழுதியவரின் பெயர் எழுத்துப்படி நிற்கும் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். மற்ற புத்தகங்களுக்கு எண். தவளைக்கு ஓர் எண், நிலாவுக்கு ஓர் எண், எலும்புக்கு ஓர் எண். முதுகில் ஒட்டியிருக்கும் துண்டுத்தாள்தான் அதன் வீட்டு விலாசம். ஒரு விஷயத்தை நம்புவதற்கு முன்னால் இரண்டு புத்தகங்களில் பார்க்க வேண்டும் என்பதும் அங்கே சட்டம். என் பியானோ கதையைச் சொன்னபோது ஒரு பையன் கை தூக்கினான்.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"என் நெஞ்சுல இருக்கு தம்பி."

"சரி. இன்னொண்ணு?"

இப்படி ஒரு கேள்வியை என் வாழ்க்கையில் இன்னொருவர்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் என் மச்சான், மனைவியின் அண்ணன். இன்சூரன்ஸ் கம்பெனிக்காக நஷ்டத்தை மதிப்பிடுகிற வேலையில் இருந்தவர். வீடு எரிந்துவிட்டது என்று அழுதுகொண்டு வருபவரிடம், சாம்பல் எங்கே என்று கேட்பார். காட்டினால், இது உங்கள் வீட்டுச் சாம்பல்தானா என்று கேட்பார்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது நூலகத்தின் கூரைக்குள் குழாய் வெடித்தது.

டீச்சர் சரியான நேரத்தில் பார்த்துவிட்டதால் புத்தகங்கள் நனையவில்லை. ஆனால் பார்க்க வந்த பொறியாளர் கூரையைத் தட்டினார், கூரை அவர் கையோடு வந்துவிட்டது. முழுக்கப் பிரித்துக் கட்ட வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள் அறையைக் காலி செய்யுங்கள் என்றார். கல்வி அலுவலகம் உடனே ஏற்பாடு செய்தது. வெள்ளிக்கிழமை மத்தியானம் லாரி வரும். புத்தகங்களைப் பெட்டியில் போட்டுக் கிடங்குக்கு எடுத்துப் போகும். கூரை முடிந்ததும் திரும்பி வரும்.

திரும்பி வரும் என்பதைத்தான் யாரும் நம்பவில்லை. அந்தக் கிடங்கைப் பற்றிப் பள்ளியில் எல்லோருக்கும் தெரியும். மேடைத் திரைச்சீலை துவைப்பதற்காகப் போனது, வரவில்லை. அறிவியல் அறையின் எலும்புக்கூடு ஒரு கை ஆணி கழன்றதற்காகப் போனது. போனபோதே எலும்பாக இருந்தது, இப்போது எந்த நிலையில் இருக்கிறதோ.

"தற்காலிகம்னு சொல்றாங்க" என்றார் டீச்சர். காய்ந்த துணியால் ஒவ்வொரு புத்தகத்தின் முதுகையும் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்கத் தேவையே இல்லை. "நான் வந்தப்போ இங்க ஒரே ஒரு அலமாரிங்க. அதுலயும் பாதி சாக்பீஸ் டப்பா. ஒவ்வொண்ணா சேர்த்தது. போனா மறுபடி ஆரம்பிக்க எனக்கு வயசு இருக்கா, தெரியல." பிள்ளைகளுக்குக் கேட்காதபடி இன்னும் தாழ்ந்த குரலில், "இதுங்க இப்பத்தான் தானா படிக்க ஆரம்பிச்சிருக்குங்க" என்றார்.

பள்ளி வாசலுக்கு நேர் எதிரே பூட்டிய கடை ஒன்று உண்டு. முன்பு செருப்புக் கடை. சுவர் முழுக்கத் தட்டுகள், காற்று, வெளிச்சம், எல்லாம் உண்டு. ஒரே ஒரு குறைதான். அதன் சொந்தக்காரர் என் மச்சான்.

அன்று சாயங்காலம் அவரை வீட்டுக்கு வரவழைத்து, மனைவியின் கையால் காபி கொடுத்து, இரண்டாவது டம்ளரும் கொடுத்த பிறகு பேச்சை எடுத்தேன்.

"மச்சான், உங்க கடை சும்மாதானே கிடக்கு?"

"சும்மா கிடக்கல மாப்ளே. நிம்மதியா கிடக்கு."

விஷயத்தைச் சொன்னேன். அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"முன்னாடி இருந்த செருப்புக்காரன் என்ன சொன்னான் தெரியுமா? 'ரெண்டே ரெண்டு பெட்டி வச்சுட்டுப் போறேன் சார், நாளைக்கு எடுத்துக்கறேன்.' அந்த நாளைக்கு இன்னும் விடியல. பின்னறை பூரா இடது கால் செருப்பா இருக்கு. பெட்டின்னாலே எனக்கு அலர்ஜி."

"அண்ணே, பிள்ளைங்க படிக்கிற விஷயம்" என்றாள் மனைவி.

"தங்கச்சி, சொல்றது உன் புருஷன். அதான் யோசிக்கிறேன்."

"பெட்டியே வராது மச்சான். நூலகமாவே வரும். நேத்து வரைக்கும் இருந்த மாதிரி, அப்படியே."

"ஒரு காலைப்பொழுதுல? லாரி இல்லாம? ஆளுக இல்லாம?"

"பிள்ளைங்க இருக்காங்களே."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் கடலில் கார் ஓட்டியதாகச் சொன்னவர்களைக்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

"சரி, கேட்டுக்கோங்க" என்றார். "வெள்ளிக்கிழமை மத்தியானம் நானே வந்து பார்ப்பேன். எல்லாம் தட்டுல வரிசையா இருக்கணும். நான் எதைக் கேட்டாலும் கேட்ட கையோட அது எங்க இருக்குன்னு சொல்லணும். சொன்னா அது நூலகம், கூரை முடியற வரைக்கும் சாவி உங்களுக்கு. ஒரே ஒரு பெட்டி கண்ணுல பட்டாலும் அது குடோன். அப்படியே லாரில ஏத்திடணும்."

மறுநாள் தலைமையாசிரியையிடம் சொன்னோம். அவர் நல்லவர், ஆனால் அலுவலகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். "லாரி வர்றப்போ அங்க நூலகம் இருந்தா, லாரியைத் திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிறேன். இல்லைன்னா எனக்கு வேற வழியில்லைங்க" என்றார்.

வியாழக்கிழமை. டீச்சர் எதிர்க்கடையில் தட்டுகளைத் துடைத்து எழுத்துச் சீட்டு ஒட்டப் போயிருந்தார். பிள்ளைகள் விளையாட்டு வகுப்பில். நூலகத்தில் நான் தனியாக. தொழில்காரன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதா? சட்டையை மடித்துவிட்டேன். பெட்டிதானே கூடாது? கயிறு உண்டே! கதைப் புத்தகங்கள் இருந்த சுவர் முழுவதையும் இறக்கினேன். எங்கள் தொழிலில் ஒரே வேதம்தான்: பெரியது அடியில், சின்னது மேலே, தடியானது ஓரத்தில், ஒல்லியானது சந்தில். அப்படி அடுக்கிக் கட்டினேன் பாருங்கள், ஒவ்வொரு கட்டும் செங்கல். மேலே ஏறி நின்று ஆடலாம். உருட்டிவிட்டால் அடுத்த ஊர் வரைக்கும் கயிறு தளராமல் போகும்.

பிள்ளைகள் உள்ளே வந்தார்கள். நான் கைதட்டலை எதிர்பார்த்துத் திரும்பினேன்.

ஒருவன் பாதி படித்து வைத்திருந்த புத்தகத்தைத் தேடிப் போனான். அலமாரியில் வெறும் பலகைதான் இருந்தது. அதில் அவனுடைய ராக்கெட் குச்சி மட்டும் படுத்துக்கிடந்தது. அதை எடுத்தான், எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அவன் உதடு பிதுங்கியது.

"யாரு இப்படிப் பண்ணினது?" என்றாள் பட்டாணி.

"தாத்தாதான் தங்கம். அளவு பார்த்து அடுக்கியிருக்கேன், பாரேன். பெருசு எல்லாம் ஒரு பக்கம், சிறுசு எல்லாம் ஒரு பக்கம்."

"தாத்தா, இங்க யாரும் வந்து 'பெரிய புத்தகம் குடுங்க'ன்னு கேக்க மாட்டாங்க."

நான் மேலிருந்து கீழாகக் கட்டுகளைப் பார்த்தேன். ஒரு சுவர் முழுவதின் விலாசத்தையும் ஒரே மணி நேரத்தில் அழித்திருக்கிறேன். குழாயால்கூட முடியாத காரியம்.

டீச்சர் வந்தார். பார்த்தார். முயல் நாற்காலியில் உட்கார்ந்தார். திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அவர் குனிந்து பக்கத்திலிருந்த கட்டின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினார். என் முடிச்சு சாமான்யத்தில் அவிழாது. பிறகு நானே உட்கார்ந்து எல்லாவற்றையும் அவிழ்த்தேன்.

அதற்குள் பிள்ளைகள் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். யாரும் சொல்லித் தொடங்கவில்லை. ஆளுக்கு ஓர் எழுத்தை எடுத்துக்கொண்டார்கள். "எனக்கு 'க'." "நான் 'ப'." "'ம' யாரு? இந்தா, உன் ஆளு இங்க இருக்கு." புத்தகத்தைத் தூக்கிப் போடுவதில்லை. நடந்து போய்க் கையில் கொடுக்கிறார்கள். தப்பான இடத்தில் யாராவது வைத்தால் சண்டை இல்லை. முதுகுச் சீட்டைக் காட்டுகிறார்கள், அவ்வளவுதான், தீர்ப்பு முடிந்தது. என் கம்பெனியில் மலையைப் பிடுங்கி நடக்கூடிய ஆட்கள் இருந்தார்கள். ஒரு சோபாவை எந்தப் பக்கம் திருப்புவது என்பதற்கே அரை நாள் அடித்துக்கொள்வார்கள்.

அலமாரி இன்னும் ஈரமாக இருந்த மூலையில் இருந்ததால், வரிசைப்படுத்தியதை மறுபடி மேலே வைக்க டீச்சர் விடவில்லை. தரையில் வைத்தார்கள். ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, விரித்த துணியின் மேல். அறை போதவில்லை. வரிசை கதவைத் தாண்டியது. தாழ்வாரத்தில் திரும்பியது. மாடிப்படிக்குக் கீழே குனிந்து போனது. கடைசிப் புத்தகத்தை வைத்துவிட்டுப் பட்டாணி நிமிர்ந்தபோது பள்ளி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். எதிரே தெரு. தெருவுக்கு அந்தப் பக்கம் கடை.

அவள் வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். கடையைப் பார்த்தாள். பிறகு கத்தக் கூடாது என்ற ஞாபகம் வந்து, டீச்சர் இருக்கும் இடம் வரைக்கும் ஓடிவந்து மெதுவாகச் சொன்னாள்.

"டீச்சர், இன்னும் கொஞ்சம் நீளமா இருந்தா அந்தக் கடைக்கே போயிடும்."

"தெருவுல புத்தகத்தை வைக்க முடியாதும்மா."

"வைக்க வேண்டாம். தூக்கிக்கிட்டு நாங்க நிக்கலாம்ல? நாங்கதான் வரிசை. நாங்க கலையலைன்னா புத்தகமும் கலையாது."

டீச்சர் அந்த வாரத்தில் முதல் தடவையாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. பாடம் நடக்கிறபோது சிரிக்கக் கூடாது என்று அதற்குள் எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் பள்ளி முழுவதும் தாழ்வாரத்தில் நின்றது. ஆளுக்கு ஒரு கைப்பிடி புத்தகம், நெஞ்சோடு அணைத்து, முதுகுச் சீட்டு வெளியே தெரியும்படி. முந்தக் கூடாது, பிந்தக் கூடாது, பேசக் கூடாது. டீச்சர் கடையில் தட்டுகளுக்கு முன்னால் நின்றார். தலைமையாசிரியை பள்ளியில் வரிசைப்படி எடுத்துக்கொடுக்க நின்றார். முதல் பிள்ளை முதல் எழுத்து. அடுத்த பிள்ளை அதற்கு அடுத்தது. ஒரு தட்டு முடிந்தால் சுற்றி வந்து அடுத்த தட்டு. நடுவில் தெருவை நிறுத்தப் பலகை அம்மா இருந்தார். தினமும் பிள்ளைகளைக் கடக்கவைக்க வட்டமான பலகையைத் தூக்கிப் பிடிப்பவர். அன்று அவர் பலகையைத் தூக்கியபோது ஊருக்கே கைகாட்டியது போல இருந்தது.

நூலகம் புறப்பட்டது.

எனக்கு வார்த்தை போதவில்லை, போதாத இடத்தில் நான் வழக்கமாகக் கொஞ்சம் சேர்த்துக்கொள்வேன், ஆனால் இந்த ஓரிடத்தில் மட்டும் உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். சத்தமே இல்லை. அத்தனை சின்னச் செருப்புகள் தெருவில் தேய்கிற ஒலி மட்டும். கதைகள் முதலில் போயின. பிறகு விலங்குகள், பிறகு நிலா, பிறகு எலும்புகள். ஓரத்தில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். சைக்கிளில் வந்த ஒருவர் இறங்கித் தொப்பியைக் கழற்றினார்.

வரிசைக்கு முன்னால் நிறுத்தப்பட்ட முதல் வண்டி சாம்பல் நிறக் கார். அதற்குள் என் மச்சான். மத்தியானம் வருகிறேன் என்றவர், நான் லாரி வைத்துத் திருட்டுத்தனமாக இறக்குவதைக் கையும் களவுமாகப் பிடிக்கக் காலையிலேயே கிளம்பி வந்திருக்கிறார். எதிரே போவது என்ன என்று அவருக்குப் புரியவில்லை. ஹாரன் அடித்தார்.

வரிசையிலிருந்து ஒரு சின்னப் பெண், முதல் வகுப்பு, இரண்டு கையும் புத்தகத்தில் மாட்டியிருந்ததால் விரலை உதட்டில் வைக்க முடியாமல் முகத்தை மட்டும் திருப்பினாள்.

"ஷ்ஷ்ஷ்! நூலகத்துல சத்தம் போடக் கூடாது."

அவர் கண்ணாடியை இறக்கினார். "பாப்பா, இது ரோடு."

"நாங்க போற வரைக்கும் நூலகம்."

அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தார்.

அப்போதுதான் அந்த விபத்து. வரிசை நடுத்தெருவில் இருந்தபோது, எலும்புப் புத்தகங்கள் வைத்திருந்த ஒரு பையன் கால்களைப் பின்னிக்கொண்டு நெளிந்தான். பலகை அம்மாவிடம் ஏதோ முனகினான். அடுத்த கணம் வரிசையைவிட்டுப் பள்ளியைப் பார்த்துப் பறந்தான், புத்தகங்களோடு! போன அவசரம் அப்படி. பின்னால் நின்ற பிள்ளை ஓர் அடி முன்னால் வைக்கப் போனான். வைத்திருந்தால் இடம் மூடியிருக்கும், எலும்பு எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாமல் போயிருக்கும்.

"நகராத!" என்றாள் பட்டாணி கிசுகிசுப்பாக. ஓரத்தில் நின்ற என்னைப் பார்த்தாள். "தாத்தா! வாங்க! குச்சியா நில்லுங்க!"

ஓடினேன். என் வயதில் ஓட்டம் என்பது மற்றவர்கள் நடப்பதுதான், இருந்தாலும் அன்று காற்றுக்கே மூச்சு வாங்கியது. அந்த இடைவெளியில் போய் நின்றேன். கைகளை உடம்போடு ஒட்டிக்கொண்டேன். குச்சிக்குக் கை கிடையாது.

பஸ் ஓட்டுநர் தலையை வெளியே நீட்டினார். "பெரியவரே, நடுரோட்ல என்ன பண்றீங்க?"

பதில் சொல்லவில்லை. குச்சிக்கு வாயும் கிடையாது. மச்சான் காரிலிருந்து இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மாப்ளே, இது என்ன வேஷம்?" என்று வாயசைத்தார். அவருக்கும் அதற்குள் சத்தம் எழும்பவில்லை.

எத்தனையோ பேருக்கு முதலாளியாக இருந்திருக்கிறேன். கைகாட்டினால் நாலு லாரி கிளம்பும். அதெல்லாம் ஒரு பதவியா? ஒரு குழந்தையின் இடத்தை அது திரும்பி வரும் வரை யாரும் எடுத்துக்கொள்ளாதபடி பிடித்து வைத்திருக்கிற வேலைக்கு என்னைக் கூப்பிட்டார்களே, அந்தப் பதவியை இதுவரை யாரும் எனக்குத் தந்ததில்லை. முந்தின நாள்தான் ஒரு சுவர் முழுவதையும் குலைத்துவைத்தவன் நான். அதற்கு மறுநாளே நம்பிக் கூப்பிட்டார்கள். வெயில் கண்ணில் பட்டது, அதனால்தான் கண் கலங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பையன் திரும்பி வந்தான். முகத்தில் உலகத்தோடு சமாதானம். "புத்தகம் நனையல, வெளிய பெஞ்ச்ல வச்சுட்டுத்தான் போனேன்" என்று என்னிடம் சொன்னான். "தேங்க்ஸ் தாத்தா" என்று என்னை இலேசாகத் தள்ளிவிட்டுத் தன் இடத்தில் நுழைந்தான். நூலகம் மறுபடி நகர்ந்தது.

மத்தியானம் லாரி வந்தபோது கடைக்குள் பிள்ளைகள் தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார்கள். மச்சான் முதலில் பின்னறையைத் திறந்து பெட்டி தேடினார். அவருடைய இடது கால் செருப்புகள் மட்டுமே இருந்தன. பிறகு பட்டாணியிடம் வந்தார்.

"தவளையைப் பத்தி ஒரு புத்தகம் கொண்டா பார்ப்போம்."

அவள் நேராகத் தட்டுக்குப் போனாள். வெறுங்கையோடு திரும்பினாள். "இல்லைங்க கடைத் தாத்தா."

மச்சானின் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களா மாப்ளே?"

"அந்த இடத்துல மீன் குச்சி இருக்கு" என்றாள் அவள். "அதோ, மேஜைக்கு அடியில படிக்கிறாங்க. முடிச்சதும் தருவாங்க. ஆனா உங்களுக்கு முன்னாடி இன்னும் ரெண்டு பேர் இருக்காங்க."

மச்சான் குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். இரண்டு சின்னப் பெண்கள் ஒரே தவளையின் மேல் கவிழ்ந்திருந்தார்கள். அவரை நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

அதற்குள் லாரியோடு வந்த அலுவலகக்காரர் உள்ளே நுழைந்தார். மூன்று லோடுமேன்கள் பெட்டிகளோடு வாசலில் நின்றார்கள். தலைமையாசிரியை விஷயத்தைச் சொன்னார். அலுவலகக்காரர் சுற்றிப் பார்த்தார்.

"இது ரொம்ப நாளா இங்கேயே இருந்த மாதிரில்ல இருக்கு? காலைல வரைக்கும் எதிர்ல இருந்துச்சுங்கறீங்க. வண்டி இல்ல, பெட்டி இல்ல, சின்னப் பிள்ளைங்க கையில கொண்டுவந்தாங்க. எத்தனை கிழிஞ்சுதோ, எத்தனை ரோட்ல விழுந்துதோ. நாளைக்கு ஆபீஸ்ல கேட்டா நான் என்னன்னு சொல்றது? மன்னிச்சுக்கோங்க மேடம். ஏத்துங்கப்பா."

டீச்சர் தட்டுக்கு முன்னால் போய் நின்றார், அவ்வளவுதான். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் புத்தகத்தை மூடினார்கள்.

எனக்குப் பொறுக்கவில்லை. "சார், நான் கண்ணால பார்த்தேன்! பஸ் வரிசை அடுத்த ஊர் வரைக்கும் நின்னுச்சு. ஒரு போலீஸ்காரர் சல்யூட் அடிச்சார். பறவை எல்லாம் கம்பியில வந்து உட்கார்ந்து…"

அலுவலகக்காரர் தலைமையாசிரியையைப் பார்த்தார். "இவரை நம்பச் சொல்றீங்களா?"

"நம்பாதீங்க" என்றார் மச்சான்.

பட்டாணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் ஒரு தடவைகூட நம்பினதில்ல" என்றார் மச்சான், மெதுவாக முன்னால் வந்து. "என் தங்கச்சி கல்யாணத்துல இருந்து இவர் சொன்னதுல பாதியை வடிகட்டி, மீதியை அளந்துதான் எடுத்துக்குவேன். போலீஸ்காரர் யாரும் வரல. பஸ் ரெண்டோ மூணோதான். அதனால இவரை விடுங்க. நான் சொல்றதைக் கேளுங்க. நஷ்டத்தை மதிப்பிடற வேலைல காலம் பூரா இருந்தவன் நான். இந்தக் கடை என்னோடது. வரிசைக்கு முன்னாடி நின்ன முதல் கார் என்னோடது. ஹாரன் அடிச்சேன். நூலகத்துல சத்தம் போடாதேன்னு ஒரு பாப்பா சொல்லிச்சு. போடல. முதல் பிள்ளையில இருந்து கடைசிப் பிள்ளை வரைக்கும், இறங்கி நின்னு, ஒவ்வொரு கையா பார்த்தேன், எங்கயாவது ஒண்ணு நழுவாதா, ஒண்ணு கலையாதான்னு." பையிலிருந்து சாவியை எடுத்து டீச்சர் கையில் வைத்தார். பிறகு என்னைப் பார்க்காமல், வாசலில் பெட்டியோடு நின்ற லோடுமேன்களைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:

"ஒண்ணும் கிழியல, ஒண்ணும் விழல. மாப்ளே சொன்ன மாதிரியேதான் ஆச்சு. உண்மை."